எம் 4-ல சோடியம் அளக்க எந்த வழி: மொட்டைமாடியா, காவலூரா, ரெடிமேட் டேபிளா, ரெடிமேட் ஸ்பெக்ட்ரமா?

போன சனிக்கிழமை சாயங்காலம் தங்கச்சி பொண்ணு தண்டையார்பேட்டை வீட்டுக்கு வந்தா. "மாமா, திங்கக்கெழம கைடு கிட்ட ப்ராஜெக்ட் டைட்டில் குடுக்கணும், குளோபுலர் கிளஸ்டர்ல இருக்கற ஸ்டாருங்களோட கெமிக்கல் காம்போசிஷன்ங்கற வரைக்கும் ஓகே ஆயிடுச்சு, எப்படி அளக்கப் போறனு கேட்டா முழிக்கறேன்"னு பையை கூட கழட்டாம உக்காந்துட்டா. எம்எஸ்சி பிசிக்ஸ் கடைசி செமஸ்டர், கையில 16 வாரம், 8 ஜிபி லேப்டாப் ஒண்ணு, செலவு பண்ண டப்பு சுத்தமா இல்ல.

என்கிட்ட ஏன் வந்தானா நான் மணலி பக்கம் ஒரு ஃபவுண்டரில லேப் பாக்கறவன், உருக்குன இரும்பை ஊத்தறதுக்கு முன்னாடி லேடில்ல இருந்து ஒரு காயின் சாம்பிள் எடுத்து, தேய்ச்சு, ஸ்பெக்ட்ரோமீட்டர்ல (வெளிச்சத்தை அலைநீளம் அலைநீளமா பிரிச்சு காட்டற மெஷின்) வெச்சு மூணு ஸ்பார்க் அடிச்சு, கார்பன் இவ்ளோ மாங்கனீஸ் இவ்ளோ குரோமியம் இவ்ளோனு சொல்றது தான் பொழப்பு. ஃபர்னஸ்காரர் கீழ இருந்து "சார் கெமிஸ்ட்ரி வந்துச்சா"னு கத்துவாரு, நான் மேல இருந்து நம்பர் சொல்லுவேன். வானத்துல பண்றதும் கிட்டத்தட்ட இதே வேலை தான். இரும்பு அணு எங்க இருந்தாலும் அதே அலைநீளத்துல தான் கோடு போடும், எங்க மெஷின்ல அது வெளிச்சக் கோடா வரும், ஸ்டார்ல அதோட மேல்தோல் வெளிச்சத்தை முழுங்கறதால இருட்டுக் கோடா வரும், அவ்ளோ தான் வித்தியாசம். சாம்பிளை கையில எடுத்து தேய்க்க முடியாது, அது ஒரு பெரிய பேஜார்.

சரி, மொதல்ல எதை அளக்கணும்னு பேசிடுவோம், அது தெரியாம வழி எடுத்தா வீண். நம்ம கேலக்ஸில குளோபுலர் கிளஸ்டர்ங்கற உருண்டைக் கொத்து 150-க்கு மேல இருக்கு, ஒவ்வொண்ணுலயும் லட்சக்கணக்குல கெழட்டு ஸ்டாருங்க. முன்னாடி எல்லாம் ஒரு கொத்துனா ஒரே ஹீட்ல, அதாவது ஒரே தடவை உருக்குன இரும்புல ஊத்துன மாதிரி, எல்லா ஸ்டாருக்கும் ஒரே கெமிஸ்ட்ரினு நெனச்சாங்க. 1970-கள்ல இருந்தே அது இடிக்க ஆரம்பிச்சுது, இப்ப பெருசா ஒத்துக்கிட்ட விஷயம் என்னனா, பெரும்பாலான கொத்துல இரும்பு எல்லா ஸ்டார்லயும் ஒரே அளவு, ஆனா சோடியம் ஏறுன ஸ்டார்ல ஆக்சிஜன் எறங்கியிருக்கும், நைட்ரஜன் ஏறுன எடத்துல கார்பன் எறங்கியிருக்கும். ஒரே கொத்துக்குள்ள ரெண்டு மூணு கூட்டம். யார் சமைச்சு யார் தட்டுல போட்டாங்கங்கற சண்டை இன்னும் ஓடிட்டு இருக்கு, அது நம்ம 16 வாரத்துக்குள்ள வராது.

எந்த கொத்துனு நான் யோசிக்கவே இல்ல, எம் 4 தான். கேட்டை நட்சத்திரத்துக்கு மேற்க ஒண்ணேகால் டிகிரி, அதாவது ரெண்டரை நிலா அகலம் தள்ளி இருக்கு, தூரம் சுமார் 6000 ஒளியாண்டு, கொத்துங்கள்லயே ரொம்ப கிட்ட இருக்கற ஒண்ணு. அதுல இரும்பு சூரியன்ல இருக்கறதுல பன்னெண்டுல ஒரு பங்கு. சூரியன்ல ஒரு லட்சம் கோடி ஹைட்ரஜன் அணுவுக்கு 3 கோடி சில்லறை இரும்பு அணு, எம் 4-ல சுமார் 27 லட்சம். இப்ப முக்கியமான நம்பர்: எம் 4-ல சோடியம் கம்மி கூட்டத்துக்கும் ஜாஸ்தி கூட்டத்துக்கும் வித்தியாசம் சுமார் 0.3 டெக்ஸ் (டெக்ஸ்னா பத்தோட அடுக்குல சொல்ற அளவு, 1 டெக்ஸ்னா பத்து மடங்கு), அதாவது கிட்டத்தட்ட டபுள். டபுளை பிரிச்சுப் பாக்கணும்னா நம்ம தப்பு 0.1 டெக்ஸுக்குள்ள, அதாவது 25 சதவீதத்துக்குள்ள நிக்கணும். ஃபவுண்டரில 25 சதவீதம் தப்புனு சொன்னா அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடுவாங்க, வானத்துல அது கௌரவமான ரிசல்ட். எந்த வழி எடுத்தாலும் இந்த 0.1-ஐ தாண்டுதா தாண்டலையானு தான் பாக்கப் போறோம்.

மொட்டைமாடில இருந்தே பண்ணிடலாமானு அவளுக்கு ஒரு ஆசை, ஏன்னா என்கிட்ட 8 இன்ச் டாப்சோனியன் டெலஸ்கோப் இருக்கு, வெளிச்சத்தை கலர் கலரா பிரிக்கறதுக்கு மில்லிமீட்டருக்கு 100 கோடு போட்ட கிரேட்டிங் ஒண்ணும் இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி நானே அதுல எறங்கி மூக்கு ஒடைஞ்சவன். வட சென்னைல இருக்கறவங்களுக்கு தெற்கு வானம்னா என்ன, துறைமுகத்து ஃபிளட் லைட்டும் அதுக்கு பின்னாடி மொத்த சிட்டியும் தான். கெழக்க கடல், அங்க மட்டும் கொஞ்சம் இருட்டு, மே மாசம் கேட்டை கடல்ல இருந்து ஏறி வரும்போது காசிமேடு படகு லைட்டுக்கு மேல செவப்பா நிக்கும், அது வரைக்கும் சூப்பர். உச்சில போகும்போது எம் 4 நமக்கு 50 டிகிரி உயரத்துல தான் இருக்கும், கண்ணு வெச்சா சாம்பல் அப்புன மாதிரி ஒரு கறை. அந்த கிரேட்டிங்ல கிளாஸ் மேல பனி பூத்துக்கிட்டே கேட்டையோட ஸ்பெக்ட்ரம் எடுத்தேன், டைட்டானியம் ஆக்சைடு பட்டை பட்டையா செமையா தெரிஞ்சுது, துள்ளி குதிச்சேன். அப்புறம் எம் 4 பக்கம் திருப்புனா ஒவ்வொரு ஸ்டாரோட வாலும் பக்கத்து ஸ்டாரோட வால் மேல விழுந்து ஒரே கொழகொழ. அப்படியே தனியா பிரிஞ்சு விழுந்தாலும் அந்த கிரேட்டிங்கோட ரெசல்யூஷன் 100 பக்கம் தான், அதாவது 6000 ஆங்ஸ்ட்ராம்ல (10 ஆங்ஸ்ட்ராம் ஒரு நானோமீட்டர்) 60 ஆங்ஸ்ட்ராம் அகலத்துக்கு எல்லாம் ஒண்ணா கலந்துடும், நமக்கு வேணுங்கற சோடியம் கோடு 5682, 5688 ரெண்டுக்கும் நடுவுல இருக்கறதே 6 ஆங்ஸ்ட்ராம். டெஸ்ட் பண்றதுக்காக தெருமுனை பழைய மஞ்ச லைட்டை அதே கிரேட்டிங்ல பாத்தேன், 5890-ல பளிச்சுனு சோடியம். மாடில நான் உருப்படியா பாத்த சோடியம் அந்த கம்பத்தோடது ஒண்ணு தான், இப்ப அதையும் எல்இடி ஆக்கிட்டாங்க. அதனால மாடி ஆப்ஷன் காலி.

அடுத்து காவலூர். இங்க இருந்து வாணியம்பாடி வரைக்கும் டிரெயின்ல போயி ஆலங்காயம் வழியா மேல ஏறுனா ஜவ்வாது மலைல 2.34 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப், 1986-ல இருந்து நிக்குது, அதுல ஃபைபர் வழியா வெளிச்சத்தை எடுத்துட்டு போற எஷெல் ஸ்பெக்ட்ரோகிராஃப் (வெளிச்சத்தை ரொம்ப நுணுக்கமா பிரிக்கற கருவி) இருக்கு, ரெசல்யூஷன் 27,000, ஸ்லிட் போட்டா 72,000. காகிதத்துல பாத்தா நமக்கு வேண்டியதை விட ஜாஸ்தி. எம் 4 அங்க 51 டிகிரி வரைக்கும் ஏறும், அதுவும் நல்லது. சிக்கல் ரெண்டு. ஒண்ணு, எம் 4-ல இருக்கற செவப்பு பூத ஸ்டாருங்கள்ல (வயசாகி ஊதிப் போன ஸ்டாருங்க) ரொம்ப பளிச்சுனு இருக்கறதே 11-ஆம் மேக்னிட்யூட் பக்கம் (நம்பர் ஏற ஏற ஸ்டார் மங்கல்), நமக்கு வேண்டியது பெரும்பாலும் 12, 13, அதை 27,000-க்கும் மேல ரெசல்யூஷன்ல பிரிச்சா ஒவ்வொரு பிக்சலுக்கும் வர்ற வெளிச்சம் பிச்சைக்காசு, ஒரு ஸ்டாருக்கே மணிக்கணக்கா ஒக்காரணும். ரெண்டாவது, எம் 4 ராத்திரி பூரா நல்லா தெரியறது மே ஜூன்ல, அப்ப தான் அங்க மேகம் கட்ட ஆரம்பிக்கும். வானம் தெளிவா இருக்கற பிப்ரவரி மார்ச்ல எம் 4 விடியக்காலைல தான் கெடைக்கும்.

ஹான்லே 2 மீட்டர் டெலஸ்கோப் இன்னொண்ணு, 4500 மீட்டர் உயரம், காத்து காஞ்சு கெடக்கும், பெங்களூர் பக்கம் ஹொசகோட்டேல உக்காந்துட்டே சாட்டிலைட் லிங்க்ல ஓட்டலாம், லடாக் குளிர்ல போயி நடுங்க வேணாம். 60,000 வரைக்கும் ரெசல்யூஷன் தர்ற எஷெல் அங்கயும் இருக்கு. ஆனா அது வடக்க 33 டிகிரில இருக்கறதால எம் 4 அங்க 31 டிகிரிக்கு மேல ஏறாது. ரெண்டுக்குமே ப்ரொபோசல் எழுதி, கமிட்டி பாத்து, நாள் ஒதுக்கி, அந்த நாள்ல மேகம் இல்லாம இருக்கணும். எனக்கு படிக்கற காலத்துல ஒரு டெலஸ்கோப்ல மூணு ராத்திரி கெடைச்சுது, மூணு ராத்திரியும் டீ குடிச்சுட்டு ஈரப்பத மீட்டரையே பாத்துட்டு இருந்தேன், எந்த டெலஸ்கோப்னு சொல்லல, மேகத்துக்கு அது என்ன பண்ணும் பாவம். 5 வருஷ பிஎச்டினா நான் கண்ண மூடிட்டு எழுதுனு சொல்லுவேன், 16 வாரத்துக்கு இது சூதாட்டம்.

ஸ்பெக்ட்ரமே வேணாம், கலரை வெச்சே பண்ணலாம்ங்கறது மூணாவது. ஹப்பிள்ல 275, 336, 438 நானோமீட்டர்னு மூணு ஃபில்டர் இருக்கு, மொதல்ல ஆக்சிஜன் சேந்த ஓஹெச் பட்டை, ரெண்டாவதுல நைட்ரஜன் சேந்த என்ஹெச், மூணாவதுல கார்பன் சேந்த சிஎன், சிஹெச், அதனால மூணோட கலர் வித்தியாசத்தை கோர்த்து பாத்தா கூட்டம் கூட்டமா ஸ்டாருங்க தனியா பிரிஞ்சு நிக்கும். 57 கொத்துக்கு இதை போட்டு, மொதல் கூட்டத்தோட பங்கு கொத்துக்கு கொத்து 8-ல இருந்து 67 சதவீதம் வரைக்கும் மாறுதுனு 2017-ல காட்டுனாங்க, டேட்டாவும் ஓப்பன். ஆயிரக்கணக்கான ஸ்டாரை ஒரே ஷாட்ல பாக்கலாம், ஹீலியம் எவ்ளோ ஏறியிருக்குனு மறைமுகமா பிடிக்கறதுக்கும் இது தான் வழி, ஏன்னா செவப்பு பூதத்தோட தோல் 4000, 5000 கெல்வின், அந்த சூட்டுல ஹீலியம் கோடே போடாது. ஆனா இது உரைகல் மாதிரி. நம்ம சௌகார்பேட்டை சேட்டு கல்லுல தேய்ச்சு இது 22 இது 18-னு கரெக்டா பிரிச்சுடுவாரு, மிச்சம் இருக்கறது செம்பா வெள்ளியானு கேட்டா கல்லு என்ன பண்ணும். இந்த பொண்ணுக்கு சோடியம்னு ஒரு நம்பர் வேணும், கல்லு நம்பர் குடுக்காது. அதோட எம் 4-க்கு முன்னாடி விருச்சிக ராசி தூசி மேகம் குறுக்க நிக்குது, அதுவும் எடத்துக்கு எடம் திட்டு திட்டா, எண்ணூர் பக்கம் சாம்பல் பறக்கற நாள்ல எதிர் வீட்டு சொவரு கலர் மாறி தெரியற மாதிரி, கலரை நம்பி எறங்கறவன் மொதல்ல அந்த தூசியை கழிச்சே ஒரு மாசம் போயிடும். ஆஸ்ட்ரோசாட் டேட்டா இருக்கேனு கேட்டா, 2015 செப்டம்பர் 28 காலைல நம்ம பக்கத்து ஸ்ரீஹரிகோட்டால இருந்து போனது தான், கொத்துங்களை நெறைய எடுத்திருக்கு, ஆனா அதோட தூர புறஊதாக் கண்ணுக்கு சூடான ஸ்டாருங்க தான் தெரியும், செவப்பு பூதம் கிட்டத்தட்ட காணாம போயிடும். நமக்கு ஆகாது.

இப்ப மிச்சம் ரெண்டு. இங்க தான் நானும் அவளும் ராத்திரி சாப்பாடு ஆறி போற வரைக்கும் சண்டை போட்டோம்.

அவ சொன்னது ரெடிமேட் டேபிள். அபோஜீனு ஒரு சர்வே, நியூ மெக்ஸிகோலயும் சிலிலயும் 2.5 மீட்டர் டெலஸ்கோப் ஒவ்வொண்ணு, ஒரு தடவைக்கு 300 ஃபைபர், அகச்சிவப்புல 1.5 முதல் 1.7 மைக்ரான், ரெசல்யூஷன் 22,500, 2021 டிசம்பர்ல வெளிய விட்ட டேட்டால ஆறரை லட்சம் ஸ்டாருக்கு மேல இரும்பு, கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், மெக்னீசியம், அலுமினியம்னு எல்லாம் போட்டு டேபிளா குடுத்திருக்காங்க. டவுன்லோட் பண்ணு, எம் 4 இருக்கற எடத்தை வெட்டு, ஸ்டாருங்க எந்தப் பக்கம் நகருதுனு அளந்த கையா சாட்டிலைட் டேட்டாவோட சேத்து கொத்தோட ஓடற ஸ்டாரை மட்டும் வெச்சுக்கோ, பிளாட் போடு, ரெண்டு வாரத்துல முடிஞ்சுடும். அகச்சிவப்புங்கறதால தூசித் தொல்லையும் கம்மி. பொய் இல்ல, எல்லாமே பிளஸ் தான்.

நான் கேட்டது, சோடியம் எங்கனு. அந்த அலைநீளத்துல சோடியம் கோடு இருக்கறதே மெல்லிசா ரெண்டு, இரும்பு கம்மியான ஸ்டார்ல அது இருக்கா இல்லையானே சந்தேகம். அலுமினியம் நல்லா கெடைக்கும், எம் 13-ங்கற இன்னொரு கொத்தை எடுத்தா அலுமினியம் பத்து மடங்கு வரைக்கும் ஏறி எறங்கறது பளிச்சுனு தெரியும், ஆனா எம் 4-ல அலுமினியம் அவ்ளோ ஆடாது. ரெண்டாவது, அந்த டேபிளை ஆட்டோமேட்டிக் ப்ரோக்ராம் போட்டிருக்கு, அது பழகுனது பெரும்பாலும் சாதாரண ஸ்டாருங்க மேல, நைட்ரஜன் கன்னாபின்னானு ஏறுன கொத்து ஸ்டாருங்க வரும்போது தடுமாறும், அதனால தான் கொத்துக்காகவே அதே ஸ்பெக்ட்ரத்தை வேற ப்ரோக்ராம்ல மறுபடி போட்டு 31 கொத்துக்கு 2000-த்துக்கு மேல ஸ்டாருங்களோட கணக்கை 2020-ல தனியா வெளியிட்டாங்க. எங்க மெஷின்லயும் இதே கதை தான், லோ அலாய் புரோகிராம்ல ஸ்டெயின்லெஸ் சாம்பிளை வெச்சா நம்பர் தரும், கம்பீரமா தரும், மூணு தசமம் வரைக்கும் தரும், அத்தனையும் தப்பு.

நான் சொன்னது ரெடிமேட் ஸ்பெக்ட்ரம். சிலில பரனால் மலைல இருக்கற 8.2 மீட்டர் டெலஸ்கோப்ல ஃப்ளேம்ஸ்னு ஒரு ஃபைபர் கருவி, அதுல 8 ஃபைபர் யூவெஸ்ங்கற ஸ்பெக்ட்ரோகிராஃபுக்கு போகும், ரெசல்யூஷன் 47,000, 6000 ஆங்ஸ்ட்ராம் பக்கத்துல சோடியம், ஆக்சிஜன், இரும்பு எல்லா கோடும் ஒரே வீச்சுல. எம் 4-ல 105 செவப்பு பூதத்தை இப்படி எடுத்து தான் 2008-ல சோடியம் ரெண்டு கூட்டமா பிரியறதை காட்டுனாங்க. அந்த ஆர்க்கைவ் இப்ப யாருக்கு வேணும்னாலும் ஓசி, ஃபைல் சில எம்பி தான். டெலஸ்கோப், மேகம், ப்ரொபோசல் எல்லாம் வேற யாரோ எப்பவோ பட்டுட்டாங்க. மிச்சம் இருக்கறது அளக்கறது மட்டும்: கோட்டை எடு, எவ்ளோ வெளிச்சத்தை முழுங்கியிருக்குனு பரப்பை அள, அதுக்கு ஈக்விவலண்ட் விட்த்னு பேரு, ஸ்டாரோட வெப்பநிலை, ஈர்ப்பு எல்லாம் வெச்சு அணு எண்ணிக்கையா மாத்து. அதுக்கு மூக்னு 1973-ல எழுதுன பழைய ஃபோர்ட்ரான் ப்ரோக்ராம் இன்னும் உயிரோட இருக்கு, இன்ஸ்டால் பண்றதுக்குள்ள உயிர் போயிடும்னாலும் ஐஸ்பெக்னு ஓசி பைத்தான் பொட்டலம் அதையே உள்ள வெச்சு ஓட்டும். கோடு ரொம்ப தடியா இருந்தா எடுக்காத, தடிச்ச கோட்டுல அணு டபுள் ஆனாலும் அகலம் பெருசா மாறாது, 100 மில்லி ஆங்ஸ்ட்ராமுக்குள்ள இருக்கற ஒல்லி கோடா பாத்து எடு. இரும்பு சாதா நெலைல இருக்கற கோடும், ஒரு எலக்ட்ரான் போன நெலைல இருக்கற கோடும் ஒரே அளவு இரும்பு சொல்லுதானு பாரு, சொல்லலைனா ஈர்ப்பு தப்பு, இது 1920-ல மேகநாத் சாஹா போட்ட ஈக்வேஷனோட வேலை, நீ புக்ல மார்க்குக்கு படிச்ச அதே ஈக்வேஷன்.

"வெப்பநிலை 100 கெல்வின் தப்பானா இரும்பே 0.1 டெக்ஸ் போயிடும்னு நீங்களே சொல்றீங்க, நான் கையால பண்ணா 0.1-க்குள்ள எப்படி மாமா நிக்கறது"னு மடக்குனா. கரெக்டான கேள்வி. அதுக்கு பதில் ஃபவுண்டரில இருக்கு. எங்களுக்கு ஒவ்வொரு ஷிஃப்ட்டும் மொதல்ல சர்டிஃபைட் ஸ்டாண்டர்டை அடிச்சு பாத்துட்டு தான் சாம்பிள். வானத்துல சர்டிஃபிகேட் ஒட்டுன ஸ்டார் கெடையாது, ஆனா சூரியன் இருக்கு, சுவாதி இருக்கு. சுவாதி நம்ம செவப்பு பூதங்களோட அண்ணன் மாதிரி, இரும்பு சூரியனை விட சுமார் 0.5 டெக்ஸ் கம்மி, உலகமே அதை அளந்து தேய்ச்சு வெச்சிருக்கு. மொதல்ல அது ரெண்டும் உன் கையில சரியா வருதானு பாரு. அப்புறம் எம் 4-ல எல்லா சைஸ் ஸ்டாரையும் அள்ளாத, ஒரே வெப்பநிலை, ஒரே பிரகாசம் இருக்கற 10 ஸ்டாரா பொறுக்கு. உன் வெப்பநிலை 100 தப்புனா பத்துக்கும் ஒரே பக்கமா தப்பும், ஒண்ணோட ஒண்ணை கழிக்கும்போது அந்த தப்பு பெரும்பாலும் அடிபட்டு போயிடும், மிச்சம் நிக்கறது நெசமான சோடியம் வித்தியாசம். ஒரே நாள், ஒரே மெஷின்ல அடிச்ச ரெண்டு சாம்பிளை நான் நம்பற அளவுக்கு வேற லேப் ரிப்போர்ட்டை நம்ப மாட்டேன்.

டேபிள் வழிய நான் வேணாம்னு சொல்லல. அவ கேள்வி 30 கொத்தை பக்கத்து பக்கத்துல வெச்சு பாக்கறதா இருந்தா டேபிள் தான், கையால அளக்கறது முட்டாள்தனம். ஒரு கொத்து, ஒரு தனிமம், ஒரு ஆளு, 16 வாரம்னா ஸ்பெக்ட்ரம். கூட அபோஜீ நைட்ரஜனையும் எடுத்து, அவ சோடியம் ஜாஸ்தினு சொல்ற ஸ்டார்ல அது நைட்ரஜன் ஜாஸ்தினு சொல்லுதானு ஒரு அத்தியாயம் போட்டா செமையா இருக்கும், ரெண்டு டேட்டாலயும் இருக்கற ஸ்டார் எத்தனை மாட்டுதுங்கறதை பொறுத்து.

ஞாயித்துக்கெழம காலைல நாஸ்தா முடிச்சுட்டு நம்பிக்கை வரதுக்காக ஒரே ஒரு ஸ்பெக்ட்ரம் எறக்கி தொறந்தோம். 6160.75-ல சோடியம் கோடு இருக்கணும். அவ ஜூம் பண்ணா, அங்க ஒண்ணுமே இல்ல, வழவழனு இருக்கு. "ஸ்டார் மாத்தி எறக்கிட்டேனா"னு மூஞ்சி சுருங்கிடுச்சு. 6162.2-ல மட்டும் ஒரு அளவான கோடு. லிஸ்ட்டை பாத்தா 6162.17-ல கால்சியம்னு போட்டிருக்கு, சரி கால்சியம் போலனு எழுதப் போனா. நான் நிறுத்தி, விலகிப் போற ஸ்டாரோட கோடு எல்லாம் நீளமான அலைநீளம் பக்கம் தள்ளும், எம் 4 நம்மள விட்டு எவ்ளோ வேகத்துல போவுதுனு பாருனேன். செகண்டுக்கு 71 கிலோமீட்டர். கால்குலேட்டர்ல தட்டுனா, பூமியோட ஓட்டத்தை கழிச்ச பிறகு 6160-ல அது 1.46 ஆங்ஸ்ட்ராம் தள்ளுது. அவ கால்சியம்னு எழுதப் போனது தான் சோடியம், நெசமான கால்சியம் 6163.6-ல தடியா உக்காந்திருக்கு. மொத்த ஸ்பெக்ட்ரத்தையும் 71 பின்னாடி தள்ளுனதும் இரும்புக் கோடு எல்லாம் டக்டக்குனு லிஸ்ட்டோட ஒக்காந்துச்சு, எம் 4 ஸ்டார் தான்ங்கறதுக்கு அந்த 71-ஏ ஒரு சாட்சி, வழில நிக்கற வேற ஸ்டாரா இருந்தா பெரும்பாலும் இந்த வேகம் இருக்காது. டேபிள் எடுத்திருந்தா இந்த அரை மணி நேரம் அவளுக்கு கெடைச்சிருக்காது.

திங்கக்கெழம டைட்டில் குடுத்துட்டு போன் பண்ணா. கைடு 10 ஸ்டார் பத்தாது, 15 பண்ணுனு சொல்லிட்டாராம், சுவாதியை மொத வாரத்துலயே முடிச்சு காட்டணுமாம். லேப்டாப்புக்கு இன்னொரு 8 ஜிபி ராம் போடணும் மாமானு இழுத்தா, ரிச்சி ஸ்ட்ரீட் எப்ப போலாம்னு கேட்டிருக்கேன்.